மூன்றடி

மூன்றடிதான்.
நான் படுத்தால் பாதத்திலிருந்து இடுப்பு வரைக்கும்.
பந்துக்கும் குழிக்கும் நடுவே
ஒட்ட வெட்டிய புல், அதன்மேல் ஒரு ஆட்டுப்புழுக்கை.
புழுக்கையைத் தள்ளிவிடலாம், விதி அனுமதிக்கிறது.
மனதில் கிடப்பதைப் பற்றி விதிப்புத்தகத்தில் ஒன்றுமில்லை.

கோலைப் பின்னுக்கு இழுக்கிறேன்.
வலது மணிக்கட்டு தன்பாட்டுக்கு ஒரு வெட்டு வெட்டுகிறது,
தூக்கத்தில் படி தவறினவள் போல.
பந்து குழியின் உதட்டை நக்கிவிட்டு
அந்தப் பக்கம் போய் நிற்கிறது.

இதற்கு யிப்ஸ் என்று பேர்.
விக்கலுக்குத் தம்பி மாதிரி ஒரு பேர்.
லாரி ஓட்டும் கிர்ஸ்டின் பட்ஜ் சொல்கிறாள்: மூச்சை விட்டுவிட்டு அடி.
மீன்கடை மாக்னஸ்: கண்ணை மூடிக்கொண்டு அடி.
ஒரு பத்திரிகை: உன் பேரை மறந்துவிட்டு அடி.
எல்லாம் செய்து பார்த்தாயிற்று.
பேரை மறந்தபோது ஒரே ஒருமுறை விழுந்தது,
விழுந்ததும் பேர் ஞாபகம் வந்துவிட்டது.

இதே கைதான்
தர்ஸோ மருத்துவமனையில் பதினேழு வருடமாக
ரத்தம் எடுக்கிறது.
வீறிடும் குழந்தைகள்,
தொட்டால் நழுவி ஒளியும் கிழ நரம்புகள்,
ஊசியைக் கண்டதும் சரிந்து விழும் எண்ணெய்க்கிணற்று முரடர்கள்.
"ஜன்னலைப் பாருங்க" என்பேன்.
அவர்கள் கடலைக் கண்டுபிடிப்பதற்குள்
மூன்று குழாய் நிறைந்திருக்கும்.
அங்கே கை என்னைக் கேட்பதில்லை.
நரம்பு எங்கே என்று அதற்குத் தெரியும்;
நான் யார் என்பது அதற்கு வேண்டாத சேதி.

போன செவ்வாய், சீட்டோடு வந்து உட்கார்ந்தான் ஃபின்லே.
நாலு வருடம் முன்புவரை என் கணவன்.
அன்று பார்த்து மற்றவள் விடுப்பு.
சட்டைக்கையை மடித்தான்.
அந்த முழங்கை மடிப்பு எனக்குத் தெரியும்,
மச்சத்தோடு தெரியும்.
கயிறு மாதிரி, நீலமாய்,
நேற்று வேலைக்குச் சேர்ந்தவளும் தவறவிடாத நரம்பு.
"ஜன்னலைப் பார்" என்றேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
மணிக்கட்டு வெட்டியது.

மே மாதம், ஐந்தாம் குழிக்குப் பக்கத்துப் புதரில்
என் கோல் நுனி பட்டுப் பந்து அரை விரற்கடை நகர்ந்தது.
பார்த்தது ஒரு செம்மறி, அதுவும் மென்றுகொண்டே.
பந்தைப் பழைய இடத்தில் வைத்து
அட்டையில் ஒன்று கூட்டி எழுதினேன்.
பெருமைக்கில்லை. இங்கே நடுவர் கிடையாது.
கட்டணப் பெட்டிக்குக்கூட ஆள் கிடையாது,
இருபது பவுண்டு போட்டாயா என்று
நீயேதான் உன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.
அப்படிப்பட்ட நான்
பதினோரு வருடக் குடித்தனத்தில்
ஒரு நாளும் என் கணக்கில் ஒன்று கூட்டியதில்லை.

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்தினேன்.
"தப்பு என்னுடையது" என்றேன்.
அந்த வாக்கியம் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.
அவன் ஒன்றும் பேசாமல் மற்ற கையை நீட்டினான்.
கொஞ்சம் பொறுத்து, "வலிக்கவில்லை" என்றான்.
வலித்திருக்கும்.
அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.
இரண்டாம் தடவை நரம்பு கிடைத்தது.

இப்போது இரவு பத்து மணி, ஜூன்;
சூரியன் இன்னும் கடல்மேல் உட்கார்ந்து யோசிக்கிறது.
ஆடுகளுக்காகக் கிரீனைச் சுற்றி இழுத்த மின்கம்பியைக்
காலைத் தூக்கித் தாண்டி வந்திருக்கிறேன்.
ஒன்பதாம் குழி. மூன்றடி.
கண்ணை மூடவில்லை. பேரை மறக்கவில்லை.
அடிப்பது இஷ்பெல் ஸ்வான்சன்,
போன செவ்வாய் ஒன்றைத் தவறவிட்டவள்
என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு அடிக்கிறேன்.

தவறிவிட்டது.
இடப்பக்கம், இரண்டு விரற்கடை.
சிரிப்பை மறைக்கக் கிர்ஸ்டின் இருமுகிறாள்.
மிச்சம் ஒரு சாண். தட்டிவிடுகிறேன்,
பந்து உள்ளே விழும் சத்தம்
எப்போதும்போல ஒரே சத்தம்தான்,
மூன்றாவது அடியோ ஆறாவதோ அதற்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்.
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
ஆறு என்று எழுதுகிறேன்,
கிர்ஸ்டினின் கண்ணுக்கும் எட்டுகிற அளவுக்குப் பெரிதாக.